வாசகர் கேள்விகள்: மெதுவாக ஓட வேண்டிய பைக்

கேள்வி: லெஸ்டரில் இருக்கிறேன். 1962-ம் வருட பி.எஸ்.ஏ. பாண்டம் டி7 ஒன்று மூன்று அட்டைப்பெட்டிகளில் கழற்றிய நிலையில் கிடைத்தது. அதை ட்ரையல்ஸ் வண்டியாக்கி பழைய வண்டிகளுக்கான போட்டிகளில் ஓட்ட ஆசை. கையில் 1,200 பவுண்ட். முதலில் பிரேமுக்குப் பெயின்ட், டேங்குக்குக் குரோம் என்று என் மகன் சொல்கிறான். எங்கே தொடங்குவது?

பதில்: பெயின்ட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள் தம்பி. மகனிடம் ஒரு வயர் பிரஷ்ஷைக் கொடுத்து, பிரேமில் ஒவ்வொரு வெல்டிங்கையும் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் இப்போதே தெரிந்துவிட வேண்டும். பிரேம் நம்பரை லாக் புக்கில் (வண்டியின் பதிவுச் சான்று) உள்ளதோடு ஒப்பிடுங்கள். பிற்பாடு பவுடர் கோட்டிங் கொடுத்தாலும் அந்த எண் மூடிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ட்ரையல்ஸ் என்றால் என்ன என்று கேட்டு இந்தப் பகுதிக்கு நிறையக் கடிதங்கள் வருவதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இது வேகப் போட்டி இல்லை. பாறை, ஓடை, சேற்று மேடு என்று சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக் கயிறு கட்டியிருப்பார்கள். கால் ஊன்றாமல் அதைக் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1, இருமுறை என்றால் 2, அதற்கு மேல் 3. விழுந்தாலோ கயிற்றைத் தாண்டினாலோ 5. குறைந்த புள்ளி எடுத்தவர் ஜெயித்தவர். ஆள் நடக்கிற வேகத்தில், சில இடங்களில் அதைவிடவும் மெதுவாக, இன்ஜின் திணறாமல் இழுக்க வேண்டும். உங்கள் பணம் முழுக்க அந்த வேகத்துக்குத்தான் போக வேண்டும்.

பாண்டம் நல்ல தேர்வு. அதன் மூலம் ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்டி125. போருக்குப் பிறகு அந்த வரைபடங்கள் இழப்பீடாகப் பல நாடுகளுக்குப் போயின. இங்கிலாந்தில் 1948-ல் பாண்டமாக வந்தது. ஹார்லியின் 125-ம் ரஷ்யாவின் மாஸ்க்வாவும் அதே வம்சம். யமஹாவின் முதல் வண்டியான ஒய்ஏ-1-ம் அந்த வடிவத்தைப் பார்த்துச் செய்ததுதான். எளிமையான வண்டி, எடை குறைவு, பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. பட்ஜெட்டில் இறங்குகிறவருக்கு வேறென்ன வேண்டும்?

பணத்தில் பாதியை இன்ஜினுக்கு ஒதுக்குங்கள். கிராங்க் பேரிங், இரண்டு பக்க ஆயில் சீல், பிக் எண்டில் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடம்) ஆட்டம் இருந்தால் அதற்கான வேலை, பிஸ்டன் ரிங். இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அடுத்து டயர். அதற்கு அடுத்து செயினும், அது ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டும். இவ்வளவும் வாங்கிய பிறகு மிஞ்சுகிற காசில்தான் மற்றதெல்லாம்.

கியரிங் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவு குறைவு, பலன் அதிகம். பிளக்கைக் கழற்றுங்கள். மேக்னெட் மூடியைத் திறந்து நடு நட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, முதல் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் சரியாக ஒரே ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அந்தச் சாக்பீஸ் கோடு எத்தனை சுற்றுச் சுற்றியது? அதுதான் உங்கள் முதல் கியர் விகிதம். கணக்குப் புத்தகம் எதுவும் வேண்டாம். ரோட்டு வண்டியில் 20, 22 என்று வரும். ட்ரையல்ஸுக்கு 28-லிருந்து 32 வரை வேண்டும்.

உங்களுக்கு 20 வருகிறது, முன் ஸ்பிராக்கெட்டில் 16 பல், பின்னால் 46 பல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 14, பின்னால் 56 போட்டால் ஏறக்குறைய 28-க்கு வந்துவிடும். டி7-க்கு மூன்றே கியர் என்பதால் ரோட்டில் வண்டி பாவமாகப் போகும். பரவாயில்லை, போட்டி இடம் வரை டிரெய்லரிலோ வேனிலோ ஏற்றிக்கொண்டு போங்கள். பின் ஸ்பிராக்கெட்டைப் பெரிதாக்கினால் செயின் நீளமும் மாறும், செயின் ஸ்விங் ஆர்மில் உரசும் இடமும் மாறும். புதுச் செயினை வெட்டுவதற்கு முன் பழைய செயினை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

அப்புறம் புட்ரெஸ்ட். ட்ரையல்ஸ் ஓட்டுகிறவர் உட்காருவதே இல்லை. ரோட்டு பாண்டத்தின் புட்ரெஸ்ட் ரொம்ப முன்னால் இருக்கும். அதில் எழுந்து நின்றால் உடம்பு ஹேண்டில்பார் மேல் சாயும், முன் சக்கரம் பாறையில் ஏறாது. புட்ரெஸ்டைப் பின்னுக்குத் தள்ளி, ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) பிரேமில் சேரும் பிவட்டுக்குக் கிட்டே, தாழ்வாகப் பற்றவைக்க வேண்டும். எந்த இடம் என்று முடிவு செய்ய நான் செய்கிற வேலை இது: புட்ரெஸ்டைத் தற்காலிகமாகப் பிடிக்கும் டாக் வெல்டிங் மட்டும் அடித்து, வண்டியை ஒருவர் பிடித்துக்கொள்ள, ஏறி நின்று ஹேண்டிலிலிருந்து இரண்டு கையையும் எடுத்துப் பார்ப்பேன். முன்னாலும் பின்னாலும் சாயாமல் நிற்க முடிந்தால் முழு வெல்டிங். இரண்டு பக்கமும் முட்டுத் தகடு வைக்க மறக்காதீர்கள். உங்கள் முழு எடையும் அந்த இரண்டு இரும்புத் துண்டின் மேல்தான். கிக்கர் இறங்கி வரும் பாதையில் புட்ரெஸ்ட் குறுக்கே வராமலும் பாருங்கள்.

பின் ஷாக் அப்சர்பர் ஒரு அங்குலம் நீளமாக இருந்தால் வண்டியின் பின்புறம் உயர்ந்து, முன் போர்க் நிமிரும். திருப்பங்களில் வண்டி சட்டென்று வளையும். கழற்றிப் போட்ட பழைய ஷாக் அப்சர்பர் கிடைத்தால் போதும். அலுமினிய மட்கார்டு, சின்ன டேங்க் எல்லாம் ஒரு சீசன் ஓட்டிய பிறகு வாங்கலாம். எதை மாற்றுவதற்கு முன்பும் நீங்கள் ஓட்டப்போகும் கிளப்பின் செயலாளரிடம் கேட்டுவிடுங்கள். 'ப்ரீ-65' (1965-க்கு முந்தைய வண்டிகளுக்கான போட்டி) என்று ஒரே பெயர் வைத்திருந்தாலும் போர்க், கார்புரேட்டர், ஹப் விஷயத்தில் கிளப்புக்குக் கிளப் விதி வேறு.

கேள்வி: பர்மிங்ஹாமிலிருந்து எழுதும் வாசகி நான். என் பாண்டம் ரோட்டில் அருமையாக ஓடுகிறது. போட்டியில் பாறைக்கு நடுவே திராட்டிலை மூடினால் சில நேரம் அணைந்துவிடுகிறது, சில நேரம் மூடிய பிறகும் ரேஸ் ஆகிக்கொண்டே இருக்கிறது. கார்புரேட்டரைப் பலமுறை சுத்தம் செய்துவிட்டேன்.

பதில்: சகோதரி, மூடிய பிறகும் ரேஸ் ஆகிறது என்று எழுதினீர்களே, அதில்தான் விடை இருக்கிறது. எங்கிருந்தோ காற்றை உறிஞ்சுகிறது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் கேஸும் ஒரு பம்ப் மாதிரி வேலை செய்கிறது. சீல் தேய்ந்து காற்று புகுந்தால் பெட்ரோல் கலவை நீர்த்துப்போகும். ரோட்டில் திராட்டில் திறந்திருப்பதால் அந்தக் கொஞ்சக் காற்று பெரிதாகத் தெரியாது. ஸ்லோ ஸ்பீடில் மொத்தக் காற்றே கொஞ்சம்தான் என்பதால் அங்கே எல்லாம் கெட்டுவிடும்.

கார்புரேட்டரை இனித் தொடாதீர்கள். இதைச் செய்யுங்கள். சைலன்சரையும் கார்புரேட்டரையும் கழற்றி, எக்ஸாஸ்ட் வாயை ஒரு ரப்பர் அடைப்பானால் இறுக்க மூடுங்கள். இன்டேக் வாயில் ட்யூப் வால்வு பொருத்திய இன்னொரு அடைப்பான். பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள். பிளக் மாட்டியே இருக்கட்டும். மீட்டர் வைத்த சைக்கிள் பம்பால் 5 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காற்றடியுங்கள், அதற்கு மேல் வேண்டாம், நல்ல சீலும் பிதுங்கிவிடும். இப்போது மீட்டர் முள்ளைப் பாருங்கள். சில நிமிடமாவது அசையாமல் நின்றால் இன்ஜின் சரி. கண்ணெதிரே விழுந்தால் சோப்புத் தண்ணீரை ஒரு பிரஷ்ஷால் தொட்டு சிலிண்டர் அடி, ஹெட், கேஸ் சேரும் கோடு என்று ஒவ்வொரு இடமாகத் தடவுங்கள். மேக்னெட்டைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கத்துச் சீலையும் பாருங்கள். குமிழி வருகிற இடம்தான் குற்றவாளி. வெளியே எங்கும் குமிழி வரவில்லை, முள் மட்டும் விழுகிறது என்றால் கியர் பாக்ஸ் ஆயில் மூடியைத் திறந்து காதை வையுங்கள். புசுபுசு என்று சத்தம் கேட்டால் கிளட்ச் பக்கத்துச் சீல் போய்விட்டது. அந்தப் பக்கம் போனால் கியர் ஆயிலையும் சேர்த்து உறிஞ்சும். புகை அதிகமாக வந்து, கியர் ஆயில் அளவு காரணமில்லாமல் குறைந்துகொண்டே போகும்.

சீல் மாற்றிய பிறகும் அணைகிறது என்றால் அப்போது கார்புரேட்டருக்கு வாருங்கள். ஸ்லைடை விரலால் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் எந்த ஸ்குரூவைத் திருகியும் பயனில்லை, கார்புரேட்டர் பாடியும் ஸ்லைடும் தேய்ந்துவிட்டன. ஆடவில்லை என்றால் ஸ்லோ ஸ்பீடுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் பாதையில் கிளீனர் ஸ்பிரே அடித்து, ஸ்லைடுக்கு அடியில் ஊசிமுனை அளவுக்கு இருக்கும் துளை வழியாக அது பீறிட்டு வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். வராதவரை 'சுத்தம் செய்தேன்' என்று சொல்ல முடியாது. தீப்பொறியை இயக்கும் பாயின்ட்டின் இடைவெளி டி7-க்கு 12 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தீப்பொறி டைமிங் பிஸ்டன் உச்சிக்கு 1/16 அங்குலம் முன்னால்.

இன்னொன்று. 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. போட்டி முடிந்து வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் பழைய கார்புரேட்டரின் ரப்பரையும் பைபர் டேங்கையும் அது அரிக்கும். எத்தனால் குறைவான இ5 சூப்பர் பெட்ரோல் போடுங்கள், நிறுத்துவதற்கு முன் கார்புரேட்டரைக் காலி செய்யுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவின் புல்லட் 350 வீட்டில் இருக்கிறது, எண்பதுகளில் வாங்கியது. புல்லட் ஸ்காட்லாந்தில் ட்ரையல்ஸ் ஜெயித்த வண்டி என்று கேள்விப்பட்டேன். நிஜமா? என் வண்டியை அப்படி மாற்றலாமா?

பதில்: நிஜம்தான். ஜானி பிரிட்டன் என்ற வீரர் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் செய்த 350 புல்லட்டில் ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரையலை 1952-லும் 1957-லும் ஜெயித்தார். அதற்கு முன்னால் இன்னொரு பெரிய கதை இருக்கிறது. நாற்பதுகளின் கடைசியில் ட்ரையல்ஸ் வண்டி என்றால் பின் சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே இருக்கக் கூடாது, இருந்தால் பிடிமானம் போய்விடும் என்று எல்லோரும் நம்பினார்கள். ராயல் என்பீல்டு ஸ்விங் ஆர்ம் வைத்த புல்லட்டைக் களத்தில் இறக்கியது. 1948-ல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் அதை ஓட்டியவர்கள் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் விக் பிரிட்டன், ஜானியின் அப்பா. இன்று எந்த ட்ரையல்ஸ் வண்டியை எடுத்தாலும் பின் சஸ்பென்ஷன் இருக்கிறது. அந்த மாற்றத்தில் புல்லட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே புல்லட்தான் 1955-ல் திருவொற்றியூருக்கு வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பிடித்துத் தொழில் கற்றவன் நான். டெர்பிஷையர் மலையில் ஒரு பழைய புல்லட் தட்தட்டென்று பாறை ஏறுவதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: வெட்டாதீர்கள். அப்பாவின் வண்டி, பிரேம் முழுசாக இருக்கிறது, எடையோ 160 கிலோவுக்கு மேல். பழகுகிற காலத்தில் நூறு முறை விழுவீர்கள், ஒவ்வொரு முறையும் அதைத் தூக்க வேண்டும். ஆசையைத் தீர்த்துக்கொள்ள, திரும்பவும் பழையபடி மாற்றக்கூடியதை மட்டும் செய்யுங்கள்: முன் ஸ்பிராக்கெட்டில் ஓரிரு பல் குறைப்பது, அகலமான ஹேண்டில், உயர்த்திய சைலன்சர், நல்ல பிடிமானமுள்ள டயர். புல்லட்டின் கனமான பிளைவீல் ஸ்லோ ஸ்பீடில் தானாகவே இழுக்கும். அதில் கை வைக்கவே வேண்டாம்.

வெட்டி ஒட்டிப் பழக வண்டி வேண்டுமென்றால் ஒரு பழைய ராஜ்தூத் 175 தேடுங்கள். போலந்தின் எஸ்ஹெச்எல் எம்11 வண்டியை வைத்து வந்த டூ ஸ்ட்ரோக் அது. புல்லட்டைவிட எடை குறைவு, கட்டமைப்பு எளிது. இந்தியாவின் பாண்டம் என்றே அதைச் சொல்வேன். மேலே லெஸ்டர் தம்பிக்குச் சொன்ன சாக்பீஸ் கணக்கும் புட்ரெஸ்ட் வேலையும் அப்படியே அதற்கும் பொருந்தும்.

கேள்வி: 'ப்ரீ-65' என்று ஏன் அந்த வருடத்தில் கோடு போட்டார்கள்? – ஹாரோ வாசகர்

பதில்: ஏரியல் 500-ல் பேர் வாங்கிய சாமி மில்லர் 1964 கடைசியில் ஸ்பெயினின் புல்டாகோவுக்குப் போனார். அவர் கைபட்டு உருவான ஷெர்பா டி என்ற லேசான டூ ஸ்ட்ரோக்கில் 1965 ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரையலை ஜெயித்தார். கனமான பிரிட்டிஷ் போர் ஸ்ட்ரோக்குகளின் காலம் அதோடு முடிந்தது. அந்தப் பழைய வண்டிகள் தங்களுக்குள் போட்டியிட ஒரு இடம் வேண்டும் என்றுதான் அந்தக் கோடு.

கேள்வி: ட்ரையல்ஸ் டயரில் எவ்வளவு காற்று அடிப்பது? கடைக்காரர் 25 என்கிறார். – ஷெபீல்டு வாசகர்

பதில்: கடைக்காரர் ரோட்டுக்குச் சொல்கிறார். போட்டியில் பின்னால் 4-லிருந்து 5 பி.எஸ்.ஐ., முன்னால் 6-லிருந்து 7. பெட்ரோல் பங்க் மீட்டரில் இவ்வளவு குறைவான அளவைச் சரியாகப் படிக்க முடியாது, 0-15 வரை காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இவ்வளவு குறைந்த காற்றில் டயர் ரிம்மிலேயே நழுவிச் சுற்றும். பாண்டம் போன்ற ட்யூப் வைத்த சக்கரத்தில் டயர் ட்யூபையும் இழுத்துக்கொண்டு போய் வால்வை அறுத்துவிடும். அதனால் பின் சக்கரத்தில், டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் கட்டாயம். வால்வின் அடியில் உள்ள நட்டை ரிம்மோடு இறுக்காமல், மேலே மூடியோடு சேர்த்து விட்டுவிடுங்கள். டயர் நகர ஆரம்பித்தால் வால்வு சாய்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். அப்படித் தெரிந்தால் அடுத்த பகுதிக்குப் போகும் முன் காற்றை இறக்கி, டயரைத் திருப்பி நேராக்கிவிட்டு, ரிம் லாக்கை மறுபடி இறுக்குங்கள்.