ஓ.எஸ். போடக் கொடுத்த லேப்டாப்பில் டேட்டா போனால் யார் பொறுப்பு?

கேள்வி: லேப்டாப் நீலத் திரையிலேயே நின்றுவிட்டதால் விண்டோஸை மறுபடி போட ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். டி டிரைவைத் தொடக்கூடாது என்று சொல்லி, ஜாப் கார்டில் (செய்யவேண்டிய வேலையைக் குறித்துத் தரும் சீட்டில்) 'டி டிரைவ் டேட்டா வேண்டும்' என்று எழுதவும் வைத்தேன். திரும்பி வந்தபோது டி டிரைவே இல்லை. விண்டோஸும் முன்பு ஹோம் எடிஷன், இப்போது புரோ எடிஷன் என்று காட்டுகிறது. கேட்டால், ரசீதின் பின்பக்கம் 'டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அதற்கு முன்னால், செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தையும் டிஸ்க் விவரத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு லேப்டாப்பை அணைத்து வையுங்கள். நீங்கள் பயன்படுத்தப் பயன்படுத்த அழிந்த ஃபைல்களின் இடத்தில் புதியவை எழுதப்படும், மீட்கிற வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். 'கொண்டு வாங்க, சரி பண்ணித் தர்றோம்' என்று அவர்கள் கூப்பிட்டாலும் எழுத்தில் எதுவும் வாங்காமல் கொடுத்துவிடாதீர்கள், உங்கள் முக்கியமான சாட்சியமே அந்த லேப்டாப்தான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். பழுது பார்க்கப் பொருளைக் கொடுப்பதை 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் 'பிணை ஒப்படைப்பு' என்கிறது. ஒரு விவேகமுள்ள மனிதர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அந்தக் கவனத்தோடு, வாங்கி வைத்தவர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் (பிரிவு 151). கூடவே, காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையில் கவனக்குறைவு இருந்தால் அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. அந்த அச்சடித்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அச்சில் ஒன்றும் கையால் எழுதியதில் வேறொன்றும் இருந்து இரண்டும் முரண்பட்டால், கையால் எழுதியதற்குத்தான் மதிப்பு அதிகம். அந்த ஜாப் கார்டை பத்திரமாக வையுங்கள், உங்கள் வழக்கே அதில்தான் நிற்கிறது.

புரோ விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. விண்டோஸ் 8-க்குப் பிறகு, விண்டோஸோடு விற்கிற லேப்டாப்களில் பொதுவாக லைசென்ஸ் கீ (அசல் விண்டோஸுக்கான குறியீடு) மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே ஹோம் எடிஷனைப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். நீங்கள் கேட்காமல் புரோ வந்திருக்கிறது என்றால் திருட்டு நகலாக இருக்க வாய்ப்பு அதிகம். திருட்டு மென்பொருளைத் தெரிந்தே பயன்படுத்துவது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குற்றம். இதுவரை உங்களுக்குத் தெரியாது, இனி அப்படிச் சொல்ல முடியாது. அதனால் டேட்டா மீட்பு முயற்சி முடிந்ததும் முறையான ஹோமை வேறு இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள், அந்தச் செலவையும் அவர்களிடமே கேளுங்கள்.

முதலில் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் கொடுங்கள். பதில் இல்லையென்றால் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம், ஆன்லைனிலும் முடியும், வக்கீல் கட்டாயமில்லை. டேட்டா மீட்பு பில், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேருங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம்தான் கெடு, அவர்கள் 'பார்க்கிறோம், பார்க்கிறோம்' என்று இழுப்பதால் அந்தக் கெடு நீளாது.