பம்ப் ஸ்டாக்: தீர்ப்பு வந்துவிட்டது, மீண்டும் வாங்கலாமா?

வணக்கம். 2019 மார்ச்சில் தடைக்குப் பயந்து உங்கள் பம்ப் ஸ்டாக்கை (துப்பாக்கியின் பின்கட்டையில் பொருத்தி அதை மிக வேகமாகத் தொடர்ந்து சுட வைக்கும் கருவி) நீங்களே அறுத்துப் போட்டீர்கள். இப்போது டெக்சாஸிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபோகும்போது புதிதாக ஒன்று வாங்கலாமா, பழையதற்கு இழப்பீடு கிடைக்குமா என்று கேட்கிறீர்கள்.

வாங்காதீர்கள். 2024 ஜூன் 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் நீக்கியது, பம்ப் ஸ்டாக்கை இயந்திரத் துப்பாக்கி எனக் கொண்டு தடை செய்த கூட்டரசின் விதியை மட்டுமே. விசையின் (டிரிகரின்) ஒரே இயக்கத்தில் பல குண்டுகள் பாய்ந்தால்தான் சட்டப்படி அது இயந்திரத் துப்பாக்கி. பம்ப் ஸ்டாக் பொருத்தினாலும் ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனியே இயங்குகிறது என்றது நீதிமன்றம். அவ்வளவுதான். ஆயுத உரிமையைப் பற்றி அந்தத் தீர்ப்பு எதுவும் முடிவு செய்யவில்லை. பலர் சறுக்குவது இங்கேதான். மாநிலத் தடைகள் அப்படியே நிற்கின்றன. கலிபோர்னியாவில் அதை வைத்திருப்பதே குற்றம். டெக்சாஸிலேயே இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

இழப்பீட்டுக்கு நம்பிக்கை தர எனக்கு மனம் வரவில்லை. அப்படிக் கேட்டுப் போன உரிமையாளர்கள் 2021இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். தவிர, இவ்வகைக் கோரிக்கைக்கு 6 ஆண்டு காலவரம்பு உண்டு. 2019 மார்ச்சிலிருந்து எண்ணினால் அது 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது.