தேவதைக் கதைகளில் வருபவர்கள் 'தான் யார்' என்று அறியும் தருணத்தை உளவியல் எப்படிப் பார்க்கிறது?

இக்கேள்வியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது தண்ணீர்தான். டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1843-இல் எழுதிய கதையின் அசிங்கமான வாத்துக்குஞ்சு, அன்னங்கள் தன்னைக் கொன்றாலும் சரி என்று தலையைத் தாழ்த்தும்போது நீரில் தன் உருவத்தைக் கண்டு, தானும் ஓர் அன்னம்தான் என்று அறிகிறது. இராமகிருஷ்ண பரமஹம்சர் சொன்ன கதையில், ஆட்டு மந்தையில் வளர்ந்து புல் மேயும் புலிக்குட்டியைக் காட்டுப்புலி ஒன்று தரதரவென்று இழுத்துப்போய் நீரில் அதன் முகத்தைக் காட்டுகிறது. ஆக, தன்னை அறியவும் வெளியே ஒரு பிம்பம் வேண்டியிருக்கிறது. பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கான், ஏறத்தாழ 6 முதல் 18 மாதம் வரையிலான பருவத்தைக் 'கண்ணாடிப் பருவம்' என்றார். கைகால்கள் இன்னும் முழுதாக வசப்படாத குழந்தை, கண்ணாடியில் தெரியும் முழு உருவத்தைத் தான் என்று எண்ணிக் குதூகலிக்கிறது. உள்ளே உணர்வது ஒன்று, வெளியே தெரிவது ஒன்று என்ற இடைவெளியும் அப்போதே விழுந்துவிடுகிறது.

சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், மின்சாரம் போன ஓர் இரவு வாத்துக்குஞ்சின் கதையைச் சொன்னேன். "அது நெஜமாவே அசிங்கமான வாத்தா இருந்திருந்தா என்னப்பா ஆயிருக்கும்?" என்றாள் மகள். சட்டென்று பதில் வரவில்லை. அன்ன முட்டையிலிருந்து வந்திருந்தால் வாத்துக்கூட்டத்தில் பிறந்தது ஒரு பொருட்டல்ல என்றுதான் ஆண்டர்சனின் கதை சொல்கிறது. பிறப்பைக் கொண்டே ஆளை எடைபோடும் நம் ஊரில் இதைக் குழந்தைக்கு ஆறுதலாகச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. (புலிக்கதை ஆன்ம ஞானத்துக்கான உவமை என்பதால் அதை விட்டுவிடலாம்.)

கவிஞரும் நாட்டுப்புறவியல் அறிஞருமான ஏ. கே. ராமானுஜன் 1991-இல் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் உள்ள தமிழ்க் கதை ஒன்றையே இப்போதெல்லாம் நான் பெரிதும் விரும்புகிறேன். மகன்கள் இருவரும் மருமகள்கள் இருவரும் படுத்தும் பாட்டை யாரிடமும் சொல்லமுடியாத கைம்பெண் ஒருத்தி, அடக்கி அடக்கியே உடம்பு பெருத்துப்போகிறாள். அதற்கும் வீட்டில் கேலிதான். ஒருநாள் ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த வீட்டுக்குள் சென்று, ஆளுக்கொரு சுவராக நால்வரைப் பற்றிய குறைகளையும் கொட்டித் தீர்க்கிறாள். பாரம் தாங்காமல் சுவர்கள் ஒவ்வொன்றாக இடிந்து விழுகின்றன. இங்கே பிம்பம் காட்டும் நீருமில்லை, மறைந்திருந்த உயர்ந்த பிறப்புமில்லை. மனநல ஆலோசகர் எதிரே அமர்ந்து கேட்கும் வேலையைச் சுவர் செய்கிறது. தனக்கு நேர்ந்ததைத் தன் வாயாலேயே சொல்வதுதான் அவளுக்கு அவளை மீட்டுத்தருகிறது. இடிபாடுகளுக்கு நடுவே நின்று, இளைத்துப்போன தன் உடம்பைப் பார்த்துக்கொண்டபின் அவள் வீட்டுக்கு நடக்கிறாள். அங்கே இருப்பவர்கள் அதே நால்வர்தான்.