ஒலியால் சுட்டால் கட்டி போகுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கட்டியை ஒலியால் சுட்டு அழிக்கிறார்கள் என்று வாசித்தேன். கர்ப்பிணியான என் மகளுக்கு இரண்டு தரம் ஸ்கான் எடுத்துவிட்டோம். அதுவும் கழியொலிதானே, பிள்ளைக்குச் சூடு படாதா?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: இரண்டும் காதுக்குக் கேட்காத கழியொலிதான் அம்மா, அளவுதான் வேறு. ஸ்கான் கருவி மைக்ரோ செக்கன் கணக்கில் ஒலியை அனுப்பிவிட்டு, மிச்ச நேரமெல்லாம் எதிரொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும். அமெரிக்க விதிப்படி அதன் சராசரிச் செறிவு சதுர சென்ரிமீற்றருக்கு 0.72 வாட்டைத் தாண்டக்கூடாது. கட்டியைச் சுடும்போது ஒலி குவியும் இடத்தில் அது 1000 வாட்டுக்கும் மேல் போகும், அதுவும் செக்கன் கணக்கில் விடாமல். ஸ்கான் திரையின் ஓரத்தில் 'ரி.ஐ.' என்று ஒரு எண் தெரியும். சூடேறும் சாத்தியத்தைக் காட்டும் எண் அது. கர்ப்பிணிகளுக்கு அதைக் குறைவாக வைத்தே பார்ப்பார்கள். டொக்டர் சொல்லி எடுக்கும் ஸ்கானுக்குப் பயப்படாதீர்கள். பிள்ளையின் முகம் பார்க்கும் ஆசைக்காக நெடுநேரம் எடுப்பது மட்டும் வேண்டாம்.

கேள்வி: கைநடுக்கத்துக்கும் இந்தச் சிகிச்சை உண்டாமே. தலையைத் திறக்காமல் எப்படி?
– வாசகர், கொடிகாமம்

பதில்: நல்லூர்த் தேர் வடத்தை நினையுங்கள். ஆளுக்கொரு நேரம் இழுத்தால் சில்லு அசையாது. எல்லாரும் ஒரே கணத்தில் இழுக்க வேண்டும். இந்தச் சிகிச்சைக்கான தலைக்கவசத்தில் ஒலி எழுப்பும் தகடுகள் 1024 இருக்கின்றன. மண்டையோடு இடத்துக்கு இடம் தடிப்பு மாறுவதால் அலைகள் முந்திப் பிந்தி வரும். அதனால் முன்கூட்டியே சீ.ரி. ஸ்கானில் எலும்பின் தடிப்பை அளந்து, ஒவ்வொரு தகட்டுக்கும் தனித்தனித் தாமதம் கொடுப்பார்கள். அப்போதுதான் எல்லா அலைகளும் மூளையின் நடுவே உள்ள தலமசு என்ற பகுதியில் ஒரே புள்ளியில் ஒன்றாகச் சேரும். எலும்பு ஒலியை உறிஞ்சிச் சூடாகும் என்பதால் தலையைச் சுற்றிக் குளிர்நீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

நோயாளி விழித்தபடிதான் இருப்பார். முதலில் இழையம் சாகாத அளவுக்கு மெல்லச் சூடாக்கி, தாளில் ஒரு சுருள் வரையச் சொல்வார்கள். கோடு சீரானால் இடம் சரி. நாக்குக் குழறினால், விரல் விறைத்தால் இடம் பிழை. ஒரு மில்லிமீற்றர் அளவில் தள்ளிப் பார்ப்பார்கள். பிறகுதான் எம்.ஆர்.ஐ.யில் வெப்பநிலையைப் பார்த்தபடி 55 முதல் 60 பாகை செல்சியஸ் வரை ஏற்றுவது. 56 பாகையில் ஒரு செக்கன் நின்றாலே கலங்கள் இறந்துவிடும். அமெரிக்காவில் இதற்கு 2016 இல் அனுமதி கிடைத்தது.

கேள்வி: அந்த வழுவழுப்பான ஜெல் இல்லாமல் ஏலாதா?
– மாணவி, பருத்தித்துறை

பதில்: ஏலாது. ஒலிக்கு எதிரி வளி. உடலுக்குள் வந்த ஒலி வளியில் பட்டால் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். சுடும் சிகிச்சையில் தோலுக்கும் கருவிக்கும் இடையில் சிறு குமிழி சிக்கினாலும் அந்த இடத்தில் தோல் வெந்து போகலாம். மயிரை மழிப்பதும், வளி நீக்கிய நீரைப் பாவிப்பதும் அதற்காகத்தான். கருப்பைக் கட்டிக்குச் செய்யும்போது வயிற்றில் பழைய சத்திரசிகிச்சைத் தழும்பு இருந்தால் அதுவும் ஆபத்து, தழும்பு ஒலியைக் கூடுதலாக உறிஞ்சும். முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். சுவாசப்பை, வாயு நிறைந்த குடல் இவற்றின் பின்னால் இருக்கும் கட்டியை எட்டுவது மிகக் கடினம்.

இதே குமிழியை வேண்டுமென்றே கட்டிக்குள் உண்டாக்கும் முறையும் வந்துவிட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஹிஸ்டொட்ரிப்சி அது. மிகக் குறுகிய, பலமான துடிப்புகளால் குமிழித்திரள் பொங்கி உடைந்து, சூடு இல்லாமலே கலங்களைக் கூழாக்கும். ஈரல் கட்டிகளுக்கு 2023 ஒக்டோபரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. மூச்சோடு ஈரல் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் ஏறி இறங்குவதால், இதற்கு முழு மயக்கம் கொடுத்து மூச்சைக் கட்டுப்படுத்தியே செய்கிறார்கள்.