மகனின் கார்டு கடனுக்கு என் சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்காரர் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு 27 வயது. ஈப்போவில் வேலை, சம்பளம் 3,200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). போன வாரம் அவன் அறையைக் கூட்டும்போது பேங்க் கடிதம் ஒன்று கண்ணில் பட்டது. கிரெடிட் கார்டில் 8,000 வெள்ளி பாக்கி! கேட்டால், "மாசாமாசம் கட்டிக்கிட்டுத்தானம்மா இருக்கேன்" என்கிறான். கட்டுவது குறைந்தபட்சத் தொகை மட்டும்தான். அதிலும் போன வருடம் நாலைந்து மாதம் தேதி தவறிவிட்டதாம். புது ஐஸ்பெட்டி, தீபாவளித் துணிமணி, கைப்பேசி, கார் டயர் எல்லாம் அந்தக் கார்டில் வாங்கியவை. விஷயம் தெரிந்ததிலிருந்து அவர் மகனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா? என் பேரைக் கெடுத்துட்டான்" என்கிறார். என் சங்கிலியை அடகு வைத்து ஒரேயடியாக அடைத்துவிடட்டுமா?

பதில்: அம்மா, சங்கிலியைக் கழற்றாதீர்கள். அடகுக் கடை மாதத்துக்கு 2 விழுக்காடு வரை வட்டி வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. வருடத்துக்கு 24 ஆகிறது. கார்டு வட்டிக்கு நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைத்திருக்கும் உச்ச வரம்பே 18தான். குறைந்த வட்டிக் கடனை அடைக்கக் கூடுதல் வட்டிக் கடன் வாங்குவதாக முடியும். ஆறு மாதத்தில் மீட்காவிட்டால் நகையும் கைவிட்டுப் போகும். இஸ்லாமிய முறை அடகான அர்-ரஹ்னுவில் செலவு குறையலாம், ஆனாலும் என் பதில் மாறாது. கடன் மகன் கையிலிருந்து உங்கள் கழுத்துக்கு மாறும், அவன் கார்டு பாக்கி தீர்ந்து, மறுபடி தேய்க்கத் தயாராக அவன் பையிலேயே இருக்கும். அது அவனுக்கு நல்லதில்லை.

இப்போது அந்தக் குறைந்தபட்சத் தொகைக்கு வருகிறேன். தம்பி ஏமாந்தது இங்கேதான். நிறையப் படித்தவர்களும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். விதிப்படி அது பாக்கியில் 5 விழுக்காடு, அல்லது 50 வெள்ளி, எது அதிகமோ அது. 8,000க்கு 400 வெள்ளி. சரி, 400 கட்டினால் கடன் குறையத்தானே வேண்டும் என்று தோன்றும். குறைகிறது. ஆனால் பாக்கி குறையக் குறைய பேங்க் கேட்கும் தொகையும் குறைந்துகொண்டே போகும். அடுத்த மாதம் 386, அதற்கடுத்த மாதம் 372. சுமை இறங்குவதுபோலத் தெரியும், கடனின் ஆயுள்தான் நீளும்.

18 விழுக்காட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இனி அந்தக் கார்டில் ஒரு காசுகூடத் தேய்க்காமல், கேட்ட தொகையை மட்டும் கட்டி வந்தால், முடிய ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். வட்டி மட்டும் 3,000 வெள்ளியை நெருங்கும். அதே தம்பி, பேங்க் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் சரி, மாதம் 400 என்று விடாமல் கட்டினால் இரண்டே வருடத்தில் முடிந்துவிடும். வட்டி 1,600 வெள்ளிக்குள் நிற்கும். இன்றைக்கு அவன் கட்டுவதைவிட ஒரு வெள்ளியும் கூடுதலாகக் கேட்கவில்லை. தொகையைக் குறைக்காதே என்றுதான் சொல்கிறேன். 500 முடிந்தால் இன்னும் சீக்கிரம்.

தேதி தவறவே கூடாது. தவறினால் தாமதக் கட்டணம் பாக்கியில் 1 விழுக்காடு, அதாவது இப்போதைக்கு 80 வெள்ளி. தொடர்ந்து 12 மாதம் தவறாமல் கட்டினால் வட்டி 15 விழுக்காடாக இறங்கும். சம்பளம் விழும் மறுநாளே கணக்கிலிருந்து தானாகப் போகும்படி பேங்க்கில் சொல்லி வைக்கட்டும். இன்னொன்று: பாக்கி இருக்கும் கார்டுக்கு 20 நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது. அது முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கு மட்டும். தம்பி இன்று அதில் பெட்ரோல் போட்டால் அதற்கும் வட்டி ஓட ஆரம்பித்துவிடும். ஆகவே இரண்டு வருடத்துக்கு அந்தக் கார்டு அலமாரியில் இருக்கட்டும்.

அப்புறம், உங்கள் வீட்டுக்காரர். இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன்.

நானும் தோட்டத்தில் வளர்ந்தவன். அப்பா பால்மரம் சீவினார். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் யாரும் கடன் இல்லாமல் வாழவில்லை அம்மா. அரிசி, சீனி, டின் பால் எல்லாம் கடையில் பற்றுத்தான். ஆனால் அந்தக் கடன் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. கடைக்காரரிடம் ஒரு புத்தகம், அம்மாவிடம் ஒரு சின்னப் புத்தகம். மாதக் கடைசியில் அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு டின் பால் வேண்டாம் என்று திரும்பி வந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. சம்பளத்தன்று அப்பாவே போய் நின்று கணக்கைத் தீர்ப்பார். உங்கள் வீட்டுக்காரர் கட்டுப்பாடாக வாழ்ந்தார் என்பது உண்மை. அந்தக் கட்டுப்பாட்டுக்கு அந்தப் புத்தகமும் துணை நின்றது. மகனுக்கு அப்படி ஒன்று இல்லை. பேங்க் கடிதம் மடித்தபடி அறைக்குள் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவன் ஏன் ஒளித்தான்? அப்பா இப்படித்தான் முகத்தைத் திருப்புவார் என்று தெரிந்ததால் ஒளித்தான். முதல் ஆயிரத்திலேயே வாய் திறந்திருந்தால் எட்டாயிரம் ஆகியிருக்காது. அந்த ஐஸ்பெட்டி உங்கள் அடுப்படியில்தானே நிற்கிறது? தீபாவளிச் சட்டையை அவரும்தானே உடுத்தினார்? குத்திக்காட்டச் சொல்லவில்லை. பிள்ளை ஊதாரியாகச் செலவழிக்கவில்லை, வீட்டுக்கும் செய்ய ஆசைப்பட்டிருக்கிறான் என்பதை அவர் பார்க்க வேண்டும். பெரியவர் என்ற முறையில் அவரே ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வாங்கி, பழைய பற்றுப் புத்தகம்போல மாதாமாதம் மகனோடு உட்கார்ந்து பாக்கியை எழுதட்டும். மஇகா தலைவராக இருந்த நம் ஊர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். மாறாத தொகையின் பலம் அவர் தலைமுறைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மாதம் 400 உண்மையிலேயே முடியாது, வேறு கடனும் இருக்கிறது என்றால், தம்பி ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பின் அலுவலகத்துக்குப் போகட்டும். பேங்க் நெகாரா 2006இல் அமைத்தது. ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை, பேங்க்குகளோடு பேசித் தவணையை ஒழுங்கு செய்து தருவார்கள். "கடனைக் குறைத்துத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களை நம்ப வேண்டாம். வட்டி முதலைகள் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம்.

கேள்வி: எனக்குச் சம்பளம் 2,300 வெள்ளி. கார்டு இருந்தால்தான் நாளைக்கு வீட்டுக் கடன் கிடைக்கும் என்கிறான் நண்பன். எடுக்கட்டுமா அண்ணா?

பதில்: தம்பி, வருட வருமானம் 24,000 இருந்தால் கார்டு எடுக்கலாம் என்பது விதி. உங்களுக்குத் தகுதி இருக்கிறது. வருடம் 36,000 வரை சம்பாதிப்பவருக்கு இரண்டு பேங்க்குகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மாதச் சம்பளம் என்று வரம்பு உண்டு. அப்படியும் 9,200 வெள்ளி, உங்கள் நாலு மாத உழைப்பு. வீட்டுக் கடனுக்குக் கார்டுதான் வேண்டும் என்பதில்லை. கடன் கேட்டால் பேங்க்குகள் பார்க்கும் சிசிஆர்ஐஎஸ் (பேங்க் நெகாராவின் கடன் விவரப் பதிவு) அறிக்கையில் 12 மாதக் கட்டண விவரம் இருக்கும். படிப்புக் கடன் இருந்தால் பிடிபிடிஎன் தவணையை ஒழுங்காகக் கட்டுங்கள், அதுவும் அங்கே தெரியும். பிடிவாதமாகக் கார்டு வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று. பெட்ரோலுக்கு மட்டும் தேய்த்து, மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் ஒரு கார்டுக்கு வருடம் 25 வெள்ளி சேவை வரி உண்டு. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.