ஜி.எஸ்.டி. வந்த பிறகு மக்களுக்குச் செலவு கூடியதா, குறைந்ததா?

எல்லா வரியையும் ஒன்றாக்கினால் விலை குறையும் என்றார்களே, குறைந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். அரிசி விலையையும் ஓட்டல் பில்லையும் சேர்த்துக் கேட்பதால், மாதச் சம்பளத்தில் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்கிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அதற்கு முன்னால் மாநில அரசு போட்ட விற்பனை வரியான வாட் காலத்திலும் எழுதினேன். வரி என்றாலே கடைக்காரன் கொள்ளையடிக்கிறான் என்று எங்களை நோக்கிக் கை நீட்டுகிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்குக் கட்சி எதுவும் கிடையாது.

2017 ஜூலை 1-க்கு முன்னால் ஆலையிலேயே கலால் வரி போட்டுவிடுவார்கள். பல பொருட்களுக்கு அது 12.5%. அது பில்லில் தெரியாது. அதற்கு மேல்தான் தமிழ்நாட்டு வாட்; மேல் விகிதம் 14.5%. ஆலையில் 100 ரூபாயாக இருந்த பொருள் இந்த இரண்டு வரியும் சேர்ந்து 128 ரூபாய் 81 காசு ஆகும். அதே பொருள் 18% ஜி.எஸ்.டி.யில் 118. ஆனால் வாங்குகிறவருக்கு அப்போது வாட் மட்டும்தான் கண்ணில் பட்டது. இப்போது 18 என்று பார்த்ததும் வரி கூடிவிட்டதாகத் தோன்றுகிறது. சேவைகளில் உண்மையிலேயே கூடியது. செல்போன் கட்டணத்துக்கு 15% சேவை வரி இருந்தது, 18 ஆனது. பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்குள் வரவே இல்லை, அவற்றுக்குப் பழைய கலால் வரியும் வாட்டும்தான். கிட்டங்கிக்கு வரும் ஒவ்வொரு லாரி வாடகையிலும் அந்த டீசல் வரி இருக்கிறது.

வரி குறைந்தால் அது உங்கள் கைக்கு வருமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. 2017 நவம்பர் 15 முதல் ஏ.சி. ஓட்டல்களுக்கு 18% இருந்த வரி 5% ஆனது. சிம்மக்கல் பக்கம் நான் வழக்கமாகப் போகும் ஓட்டலில் 70 ரூபாய் தோசை, வரியோடு 82.60 ஆக இருந்தது. வரி குறைந்ததும் தோசை 80 ஆனது, வரியோடு 84. கல்லாவில் கேட்டேன். "சார், உள்ளீட்டு வரி வரவை எடுத்துவிட்டார்களே, நாங்கள் எங்கே போவது?" என்றார். ஓட்டல்காரர் வாங்கும் பொருட்களுக்குக் கட்டிய வரியை, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதுதான் அந்த வரவு. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் 13% குறைந்த பிறகு நான் 1.40 கூடக் கொடுத்தேன். இதே ஓட்டலில் பார்சல் டப்பாவுக்குத் தனிக் காசு வேறு. சாம்பாரை மெல்லிய பையில் கட்டிக் கொடுத்துவிட்டு, டப்பா என்று பத்து ரூபாய் போடுகிறார்கள். இதற்கும் ஜி.எஸ்.டி.க்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் வயிறு எரிகிறது.

அரிசிக்கு வருகிறேன். 2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டிக் கட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5% வரி. அதற்கு மேல் இருந்தால் இல்லை. கொஞ்ச நாளில் ஆலைகளிலிருந்து 26 கிலோ சிப்பம் வரத் தொடங்கியது. முதலில் வந்தவற்றில் 25 என்ற அச்சின் மேல் 26 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒரு கிலோ கூடுதலாகத் திணித்ததில் மூட்டை வாயின் தையல் விறைத்துக்கொண்டு நின்றது. ஆலைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். சட்டம் அப்படி இருக்கிறது.

ஆனால் யார் எதை வாங்குகிறார்கள் என்று பாருங்கள். கையில் மொத்தமாக 1,300 ரூபாய் இருப்பவர் 26 கிலோ சிப்பத்தைத் தூக்கிப் போகிறார், வரி இல்லை. சனிக்கிழமை கூலி வாங்கி வரும் சித்தாள் அதே அரிசியை ஐந்து கிலோ பையாக வாங்கினால், 250 ரூபாய்க்கு 12.50 வரி. ரேஷனில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று சிலர் கீழே எழுதுவார்கள். கிடைக்கிறது. அதை இட்லிக்குப் போட்டுவிட்டுச் சோற்றுக்குக் கடையில் வாங்கும் வீடுகள் மதுரையைச் சுற்றி எத்தனை என்று எங்கள் கடைக்குச் சில்லறை வியாபாரிகள் எழுதித் தரும் சீட்டைப் பார்த்தால் தெரியும். எனக்குத் தெரிந்து இந்த வரியில் மிகப் பெரிய அநியாயம் இதுதான். 2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, பற்பசை எல்லாம் 18-லிருந்து 5-க்கு இறங்கியதை வரவேற்கிறேன், ஆனால் இந்த ஐந்து கிலோ பையை யாரும் தொடவில்லை.

உங்கள் வீட்டுக்கு ஒரு யோசனை. சாக்கைப் பிரித்து அளந்து கொடுக்கும் சில்லறை அரிசிக்கு வரி கிடையாது. பக்கத்துக் கடையில் கேளுங்கள். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைக் கடைக்காரரே வரியாகக் கட்டிவிடும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைகள் உங்களிடம் வரி என்று தனியாக வாங்கவே கூடாது. அந்தத் திட்டத்தில் இருப்பதைப் பெயர்ப்பலகையிலும் பில்லிலும் எழுதியிருக்க வேண்டும். எழுதிவிட்டு வரியும் போட்டிருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.