சூத்திரம் தெரிந்தும் விடை தப்பாவது ஏன்?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சூத்திரங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் நிகழ்தகவு, தனிவட்டி, வடிவியல் மூன்றிலும் வாக்கியக் கணக்கு வந்தால் தடுமாறுகிறாள். இரண்டு பகடைகளை உருட்டினால் கூடுதல் 7 வர நிகழ்தகவு 1/11 என்கிறாள். விடைப்பகுதியில் 1/6 என்று இருக்கிறது. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: அந்த 1/11 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். கூடுதல் 2 முதல் 12 வரை வரலாம். ஆக 11 விதம், அதில் 7 ஒன்று. சூத்திரத்தை அவள் சரியாகத்தான் போட்டிருக்கிறாள், எண்ணியதுதான் தப்பு. சாதகமான விளைவுகளை மொத்த விளைவுகளால் வகுப்பது, எல்லா விளைவுகளுக்கும் வாய்ப்பு சமமாக இருந்தால்தான் செல்லும். கூடுதல் 2 வர ஒரே வழி, (1,1). 7 வர ஆறு வழி உண்டு: (1,6), (2,5), (3,4), (4,3), (5,2), (6,1). எனவே எண்ண வேண்டியது 36 ஜோடிகளை. 6/36, அதாவது 1/6.

(3,4), (4,3) இரண்டும் ஒன்றுதானே என்று கட்டாயம் கேட்பாள். ஒரு பகடை சிவப்பு, மற்றது நீலம் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். இதற்காக அவளைத் திட்டவும் வேண்டாம். பிரெஞ்சுக் கணித மேதை தலாம்பேரே 1754இல் இதே இடத்தில் சறுக்கியவர்தான். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ நிகழ்தகவு 2/3 என்றார் அவர். முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, ஆகவே விளைவுகள் மூன்றுதான் (தலை; பூ-தலை; பூ-பூ) என்பது அவர் வாதம். ஆனால் அந்த மூன்றில் முதலாவதற்கு வாய்ப்பு பாதி, மற்ற இரண்டுக்கும் கால் கால்தான். சரியான விடை 3/4.

'குறைந்தது ஒன்று' என்று கேள்வியில் வந்தால், கேட்டதை விட்டுவிட்டு அது நடக்காத விளைவுகளை எண்ணுவது சுலபம். இரண்டு பகடைகளில் குறைந்தது ஒரு 6? 6 இல்லாத ஜோடிகள் 5×5=25. மீதி 11, ஆக 11/36. பலர் 6+6 என்று கூட்டி 12/36 எழுதுவார்கள். (6,6) இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது என்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

தனிவட்டியில் சிக்கல் இவ்வளவு ஆழமில்லை. 9 மாதம் என்றால் 9 என்று போடாமல் 3/4 ஆண்டு என்று போட வேண்டும். அப்புறம், வட்டி எது, அசலும் வட்டியும் சேர்ந்த தொகை எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அவளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: ஒரு தொகை தனிவட்டியில் 8 ஆண்டுகளில் இரு மடங்கானால், எப்போது மும்மடங்காகும்? 12 என்று சொல்லத் தோன்றும். இரு மடங்கு என்றால் வட்டி அசலுக்குச் சமம், அதற்கு 8 ஆண்டு. மும்மடங்கு என்றால் வட்டி அசலைப் போல் இரண்டு பங்கு. ஆகவே 16 ஆண்டு. வட்டி வீதத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே வரவில்லை, பாருங்கள்.

வடிவியலுக்கு ஒரே பழக்கம் போதும்: படத்தைத் தானே வரைந்து, கொடுத்த அளவுகளை அதில் குறிப்பது. செங்கோணம் போலத் தெரிவதைச் செங்கோணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, கேள்வியில் சொல்லியிருக்க வேண்டும் அல்லது நிறுவியிருக்க வேண்டும். பக்கங்கள் 5, 5, 6 கொண்ட முக்கோணத்தின் பரப்பளவைக் கேட்டால், உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு ஒரு செங்குத்துக்கோடு போடட்டும். அடிப்பக்கம் 3, 3 ஆகப் பிரியும். பிதாகரஸ் தேற்றப்படி உயரம் 4, பரப்பளவு 12. அடிப்பக்கத்தை மட்டும் 8 ஆக்கினால் பரப்பளவு கூடுமா, குறையுமா? வரைவதற்கு முன்பே ஊகித்து எழுதச் சொல்லுங்கள். அதே 12தான் வரும்.